நிரந்தரப் பதவியில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்

1892 அக்டோபர் 1ஆம் தேதி சிகாகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் கட்டட வேலைகள்கூட முடிந்திருக்கவில்லை. ஆனால் ஆசிரியர் பட்டியல் மற்றப் பல்கலைக்கழகங்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. எண்ணெய் முதலாளி ஜான் டி. ராக்கஃபெல்லர் கொடுத்த பணம் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் கையில் இருந்தது. பிற கல்லூரிகளின் தலைவர்களாக இருந்தவர்களைக்கூட அவர் தம் துறைகளுக்குப் பேராசிரியர்களாக அழைத்து வந்திருந்தார். அந்தப் பெயர்களுக்கு நடுவே அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற 30 வயது இளைஞரின் பெயரும் இருந்தது. உடற்கல்வித் துறையின் இயக்குநர், இணைப் பேராசிரியர் தகுதி, ஆண்டுச் சம்பளம் 2,500 டாலர், பணி நிரந்தரம். பல்கலைக்கழகம் திறந்த அன்றே அவர் மாணவர்களைத் திரட்டிக் கால்பந்துப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு முன் அமெரிக்காவில் எந்தக் கால்பந்துப் பயிற்சியாளருக்கும் இப்படியொரு இடம் கிடைத்ததில்லை. அணிகளை மாணவர் சங்கங்களே நடத்தின. அணித்தலைவன் சொன்னதுதான் சட்டம். பயிற்சியாளர் என்று ஒருவர் வந்தால் பெரும்பாலும் இலையுதிர்காலத்துப் பத்து வாரத்துக்கு வருவார், காசை வாங்கிக்கொண்டு போவார். ஜெயித்தால் அடுத்த ஆண்டும் அழைப்பு வரும், தோற்றால் வராது. ஸ்டாகுக்கு அந்தக் கவலை கிடையாது. கிரேக்கம் கற்பிப்பவருக்கும் வேதியியல் கற்பிப்பவருக்கும் உள்ள பாதுகாப்பு அவருக்கும் உண்டு. விளையாட்டைக் கல்வியின் ஓர் அங்கமாக மதித்து அதற்கு ஓர் ஆசிரியரை வைப்பது என்பதைவிட நல்ல யோசனை அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்றே நான் கருதுகிறேன். அந்த நல்ல யோசனையிலிருந்து கல்விக்குக் கட்டுப்படாத ஒரு தனி ராஜ்யம் எப்படி முளைத்தது, அதுவும் அப்பழுக்கற்ற ஒரு மனிதரின் கையால் எப்படி முளைத்தது என்பதை அறியவே ஸ்டாகின் வாழ்க்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே பேசப்படுவது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் பதினொரு பேரை முட்டித் தள்ளி, அங்குலம் அங்குலமாக முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. 1906 வரை மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும், பந்து கையில் தங்கும். அதனால் எல்லோரும் ஒரே கூட்டமாகச் சேர்ந்து, கை கோத்து, ஒருவர் மீது மோதுவதே பயனுள்ள உத்தியாக இருந்தது. தலைக்கவசம் கட்டாயமில்லை. கழுத்தும் முதுகெலும்பும் முறிந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் இறந்தார்கள்.

ஸ்டாக் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் ஊரில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர்; அந்த வேலை இல்லாத நாளில் எந்தக் கூலி வேலை கிடைத்தாலும் செய்வார். பெரிய குடும்பம், சின்ன வருமானம். பள்ளிப் படிப்பை முடிக்கவே ஸ்டாகுக்கு மற்றவர்களைவிட அதிக வயதாகிவிட்டது. பிறகு எக்ஸிட்டர் பள்ளியிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் சின்னச் சின்ன வேலைகள் செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படித்தார். சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததில் உடம்பே கெட்டது. பாதிரியாராக வேண்டும் என்பது அவருடைய இலக்கு.

யேலில் அவர் முதலில் புகழ்பெற்றது பேஸ்பால் பந்து வீச்சாளராக. தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்து நின்றன. குடும்பத்தின் வறுமையை ஒரே கையெழுத்தில் தீர்த்திருக்கலாம். அவர் மறுத்தார். தொழில்முறை மைதானங்களைச் சுற்றியிருந்த சாராயக் கடைகளும் அந்தச் சூழலும் அவருக்கு ஒப்பவில்லை. படிக்க உதவிய கல்லூரிக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தார். காசுக்காக விளையாடுவது மனிதனைக் கெடுக்கும் என்ற அந்த நம்பிக்கை அவருக்கு வாழ்நாள் முழுவதும் மாறவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அதைக் காணலாம்.

1888இல் வால்டர் கேம்ப்பின் வழிகாட்டுதலில் ஆடிய யேல் அணியில் ஸ்டாகும் ஒருவர். 13 ஆட்டம், 13 வெற்றி. 698 புள்ளி எடுத்து எதிரணிகளுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடு முழுவதிலிருந்தும் சிறந்த பதினொருவர் என்று முதன்முதலாக வெளியான பட்டியலில் அவர் பெயர் வந்தது. அப்போதே அவருக்குப் பயிற்சியாளனின் மூளை. ஓடுபவனை மடக்கிச் சாய்ப்பதற்குப் பழக வேண்டுமென்றால் கூட இருப்பவனையே சாய்க்க வேண்டும், அடிபட வேண்டும். ஸ்டாக் உடற்பயிற்சிக்கூடத்து மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டார். மாணவர்கள் அதன் மீது பாய்ந்து பழகினார்கள். இன்று உலகில் எங்கே ரக்பியோ அமெரிக்கக் கால்பந்தோ ஆடினாலும் அந்த மெத்தையின் வாரிசு ஒன்று மைதான ஓரத்தில் நிற்கும்.

பாதிரியார் கனவு மேடைப் பேச்சில் முறிந்தது. நாலு பேர் முன் நின்று பிரசங்கம் செய்யத் தமக்கு வராது என்று அவரே முடிவு கட்டினார். வாயால் சொல்ல முடியாததை விளையாட்டால் சொல்லலாம் என்று 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே அவர் திரட்டிய கால்பந்து அணியில் நடுவில் நின்றவர் கனடாக்காரரான ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித். 1892 மார்ச்சில் நடந்த முதல் பொது ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என்று வென்றார்கள். ஆசிரியர் தரப்பின் அந்த ஒரே கூடையைப் போட்டவர் ஸ்டாக். நெய்ஸ்மித்தும் பின்னர் கான்சஸில் பேராசிரியர் ஆனார். மனித உடம்பைப் பழக்கினால் மனசும் பழகும் என்று நம்பிய ஒரு கிறித்தவத் தலைமுறை இருந்தது. இருவரும் அதன் பிள்ளைகள்.

ஹார்ப்பர் யேலில் எபிரேயமும் விவிலியமும் கற்பித்தவர். ஸ்டாக் அவரிடம் படித்தவர். புதிய பல்கலைக்கழகம் என்ற திட்டம் காகிதத்தில் மட்டுமே இருந்தபோதே ஹார்ப்பர் தம் பழைய மாணவரைக் கூப்பிட்டுவிட்டார். முதலில் சொன்ன சம்பளம் இதைவிடக் குறைவு. ஸ்டாக் யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்ததை ஹார்ப்பர் பேரம் என்று எடுத்துக்கொண்டு தொகையை ஏற்றினாராம். கடைசியில் நிரந்தரப் பேராசிரியர் பதவியையும் சேர்த்துக் கொடுத்தார். இதில் ஹார்ப்பரின் மனசில் இரண்டு எண்ணங்கள் இருந்தன. விளையாட்டு படிப்போடு சேர்ந்தது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். பழம்பெருமை இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் நாளேடுகளில் அடிபட வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் மற்றக் கல்லூரிகளைத் தோற்கடிக்கும் அணி வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டாகுக்கு எழுதிய கடிதத்தில் அதை மறைக்கவும் இல்லை. பேராசிரியர் பதவி முதல் எண்ணத்துக்காக. அணி இரண்டாவதுக்காக. இரண்டையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றினார்.

முதல் பருவத்தில் ஆள் போதாமல் ஸ்டாகே அணியில் இறங்கி ஆடினார். எதிரணிகளில் சில உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகள். வணிகர் மார்ஷல் ஃபீல்ட் கொடுத்த நிலத்தில் மைதானம் அமைந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். சிகாகோ அணி ரயிலேறி நாட்டின் மறுகோடிக்குப் போய், 1894 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை 24–4 என்று வென்றது. எதிரணியின் பயிற்சியாளர் ஸ்டாகின் யேல் ஆசான் வால்டர் கேம்ப். போய்வர 6,000 மைலுக்கு மேல். மாணவர்களை வாரக்கணக்கில் வகுப்புகளிலிருந்து பிரித்து இவ்வளவு தூரம் அழைத்துப் போனதைக் கல்வியின் எந்தக் கணக்கில் எழுதுவது? ஹார்ப்பர் விளம்பரக் கணக்கில் எழுதினார்.

ஸ்டாகின் மூளை விளைந்த காலமும் இதுதான். 1893இல் அவரும் யேல் தோழர் ஹென்றி வில்லியம்ஸும் சேர்ந்து இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். வில்லியம்ஸ் மருத்துவர், பின்னாளில் மினசோட்டாவின் பயிற்சியாளர். வரைபடங்களோடு, எந்த ஆட்டக்காரர் எந்த நொடியில் எங்கே அடி எடுத்து வைக்க வேண்டும் என்று விளக்கும் நூல். அதற்கு முன் இந்த ஆட்டம் பெரும்பாலும் வாய்மொழிக் கலையாகவே இருந்தது. திசை மாற்றி ஓடுவது, பந்து கிளம்புமுன் ஒருவரை நகரவிடுவது, பக்கவாட்டில் கடத்துவது எனப் பல உத்திகள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. சிலவற்றுக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. ஆட்டத்துக்கு நடுவே வட்டமாகக் குனிந்து கூடிப் பேசும் வழக்கத்தை வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியின் காதுகேளாத மாணவர்களும் 1890களிலேயே கையாண்டார்கள். கண்டுபிடிப்புப் பட்டியலின் நீளத்தை வைத்து ஸ்டாகை அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆட்டத்தை எழுதிவைத்துப் படிக்கத்தக்க பாடமாக்கினார் என்பதே அவர் பேராசிரியர் என்ற பெயருக்குச் செய்த மரியாதை.

ஆளும் அப்படித்தான். மது இல்லை, புகை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கோபம் தலைக்கேறினால் ஆட்டக்காரனைக் கழுதை என்பார். இன்னும் ஏறினால் இரட்டைக் கழுதை. 1894இல் தம் பல்கலைக்கழக மாணவி ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். ஸ்டெல்லா எதிரணிகளின் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து, வரைபடம் போட்டுக் கொடுத்தார். எழுபதாண்டு மணவாழ்வில் பெரும்பகுதி அவர் சம்பளம் வாங்காத துணைப் பயிற்சியாளர். ஸ்டாகைப் பற்றிய பாராட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இனி அந்த ராஜ்யம். மற்றத் துறைகளின் வரவுசெலவைப் பல்கலைக்கழகம் பார்த்தது. கால்பந்தின் நுழைவுக் கட்டணத்தில் வந்த பணம் தனிக் கணக்கில் போய், ஸ்டாகின் கையில் இருந்தது. ஆசிரியர் குழுக்கள் மேற்பார்வை கேட்டபோதெல்லாம் அவர் நேரே ஹார்ப்பரிடம் போனார். ஹார்ப்பர் அவர் பக்கமே நின்றார். வேறு பேராசிரியர் யாருக்காவது இப்படித் தம் துறைக்கென்று வசூல் செய்து தாமே செலவிடும் உரிமை இருந்ததா? இல்லை. ஸ்டாக் அந்தப் பணத்தில் ஒரு காசைத் தம் பையில் போட்டார் என்று எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர் குணத்துக்கு அது நடந்திருக்கவும் முடியாது. சிக்கல் அங்கே இல்லை. பாடம் நடத்துவதற்காகக் கொடுத்த சுதந்திரம் வியாபாரம் நடத்தவும் பயன்பட்டது. வியாபாரம் வளர வளர வெற்றி வேண்டும். வெற்றிக்கு நல்ல ஆட்டக்காரன் வேண்டும். நல்ல ஆட்டக்காரன் எப்போதும் நல்ல மாணவனாக இருப்பதில்லை.

வால்டர் எக்கர்சால் அப்படி ஒருவர். ஒல்லியான உடம்பு, மின்னல் ஓட்டம், காலால் பந்தை எங்கே அனுப்ப நினைக்கிறாரோ அங்கே அனுப்புவார். 1904 முதல் 1906 வரை மூன்று ஆண்டும் நாட்டின் சிறந்த பதினொருவரில் இடம். படிப்பில் மட்டும் அவர் தேறவில்லை. பட்டம் வாங்காமலேயே வெளியேறினார். அவரைப் பல்கலைக்கழகத்தில் இருத்தி வைத்தது எது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எக்கர்சாலின் உச்சம் 1905 நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். எதிரணி மிச்சிகன். அதன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், இலையுதிர்காலத்துக்கு மட்டும் வந்து போகும் பழைய பாணிக்காரர். மற்ற மாதங்களில் வேறு தொழில். அவர் அணி 56 ஆட்டங்களாகத் தோற்றதில்லை. அன்று சிகாகோ மைதானத்தில் 25,000 பேருக்கு மேல். ஆட்டம் முடியப் போகும் நேரம் வரை யாருக்கும் புள்ளி இல்லை. எக்கர்சால் பந்தை உயர உதைத்தார். அது மிச்சிகனின் கோல் கோட்டுக்குப் பின்னால் இறங்கியது. டெனி கிளார்க் என்ற மிச்சிகன் மாணவர் அதைப் பிடித்தார். அங்கேயே தரையில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. அவர் வெளியே ஓடப் பார்த்தார். கோட்டைத் தாண்டியதும் ஆர்ட் பேடனாக் காலைப் பிடித்தார். மார்க் காட்லின் மேலே மோதி அவரைப் பந்தோடு கோட்டுக்குப் பின்னால் தள்ளினார். முன்னேறிய இடத்தைக் கணக்கில் எடுக்கும் விதி அப்போது இல்லை. சிகாகோவுக்கு இரண்டு புள்ளி. 2–0 என்று ஆட்டம் முடிந்தது. ஸ்டாகின் அணி அந்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

டெனி கிளார்க்கை நாளேடுகள் விடவில்லை. தோல்விக்குக் காரணமானவர் என்ற பெயர் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. 1932இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் மாணவன் ஒருவனின் ஒற்றைத் தவற்றை நாடு முழுக்கக் கொண்டுபோகும் அளவுக்கு ஒரு கல்லூரி ஆட்டம் பெருத்துவிட்டது என்பதைச் சொல்லலாம்.

அந்த வெற்றிக் கூச்சல் அடங்குமுன்பே நெருக்கடி வந்துவிட்டது. 1905 பருவத்தில் நாடு முழுதும் குறைந்தது 18 பேர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார்கள். அக்டோபரிலேயே குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியிருந்தார். நவம்பரில் காலியர்ஸ் வார இதழ், நாட்டின் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் கால்பந்து வெற்றியை விலைக்கு வாங்குவதாகத் தொடர் கட்டுரை வெளியிட்டது. அதில் சிகாகோவும் அடிபட்டது. வரலாற்றறிஞர் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் விஸ்கான்சினில் கால்பந்தை நிறுத்திவைக்கப் போராடினார். சிகாகோவிலேயே இறையியல் பேராசிரியர் ஷைலர் மேத்யூஸ் மிகக் கடுமையாக எழுதினார். ஸ்டாகின் சக ஆசிரியர்களே அவருடைய பாடத்தைப் பாடம் என்று ஏற்க மறுத்தார்கள்.

1906 ஜனவரியில் மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடினார்கள். ஹார்ப்பர் அதே மாதம் 10ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். அவருக்கு வயது 49. கூட்டத்தின் முடிவுகள் கடுமையானவை. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது, ஒருவர் மூன்று ஆண்டுக்கு மேல் ஆடக் கூடாது. கூடவே, பருவத்துக்கு வந்து போகும் பயிற்சியாளர்கள் கூடாது. பல்கலைக்கழகம் முறைப்படி நியமித்த, மிதமான சம்பளம் வாங்கும் ஆளே பயிற்சி தர வேண்டும். அதாவது ஊழலுக்கு மருந்தாக முன்வைக்கப்பட்டது ஸ்டாகின் பதவி மாதிரியே. ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான பல்கலைக்கழகங்களில் ஒன்று ஸ்டாகின் பல்கலைக்கழகமே. இந்த முரணை அந்தக் கூட்டத்தில் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு தேசிய விதிக்குழுவும் ஆட்டத்தைத் திருத்தியது. பந்தை முன்னோக்கி எறியலாம்; மூன்று முயற்சியில் பத்து கஜம் போக வேண்டும்; இரு அணிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கூட்டமாக மோதும் உத்தி இதனால் மெல்ல மெல்ல ஒழிந்தது. அந்தக் குழுவில் ஸ்டாக் உறுப்பினர். முன்னெறிதலுக்கு ஏற்ற ஆட்ட அமைப்புகளை எல்லோருக்கும் முன்பே வகுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த இருபதாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1899இலிருந்து 1924 வரை ஏழு முறை சிகாகோ, தான் அங்கம் வகித்த மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. மைதானத்துக்கு ஸ்டாகின் பெயரே சூட்டப்பட்டது. 1923இல் அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் காசுக்கு ஆடும் தொழில்முறைக் கால்பந்து கல்லூரி விளையாட்டுக்கே ஆபத்து என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். யேலில் பணத்தை மறுத்த அதே இளைஞரின் குரல். ஆனால் ஆயிரக்கணக்கானோரைக் கட்டணம் கட்டி உட்காரப் பழக்கியது, வீரர்களை நட்சத்திரங்களாக்கியது, ஆட்டத்தைப் படிக்கத்தக்க நுட்பமாக்கியது ஆகிய மூன்றும் தொழில்முறைக் கால்பந்துக்கு அவரைப் போன்றோர் போட்டுக் கொடுத்த பாதை. அதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

1920களில் ஓஹையோ, இல்லினாய், மிச்சிகன் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பிரம்மாண்ட அரங்கங்கள் கட்டின. சிகாகோவிலோ இளங்கலை மாணவர் எண்ணிக்கை குறைவு, சேர்க்கை கடினம். 1924க்குப் பிறகு அணி தோற்க ஆரம்பித்தது. 1929இல் கார்னகி அறக்கட்டளையின் பெரிய அறிக்கை வெளிவந்தபோது, ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுப்பது பெரும்பாலான கல்லூரிகளில் நடக்கிறது என்று தெரிந்தது. அப்படிக் கொடுத்ததற்குச் சான்று கிடைக்காத சிறுபான்மைப் பட்டியலில் சிகாகோ இருந்தது. தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஸ்டாக் குறுக்கு வழியில் போகவில்லை. நிரந்தரப் பதவி என்ற யோசனை தன் வேலையைச் செய்தது அந்த ஆண்டுகளில்தான் என்பேன். தோற்றால் வேலை போகும் என்ற பயம் இருந்திருந்தால் அவரும் என்ன செய்திருப்பாரோ.

அதே 1929இல் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார், வயது 30. தமிழர்களுக்கு அவரிடம் ஒரு கடன் உண்டு: வானியற்பியலர் சுப்ரமணியன் சந்திரசேகரை 1937இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்ததில், நிறத்தைக் காட்டி எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் நின்றவர் அவர். கால்பந்தைப் பொறுத்தவரை அவர் கொஞ்சமும் இளகவில்லை. எழுபது வயது ஓய்வு வயது. ஸ்டாகுக்கும் விலக்கு இல்லை. 1932இல் வேறொரு கௌரவப் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். பயிற்சி தராத பதவி தமக்கு எதற்கு என்று ஸ்டாக் மறுத்தார். 41 பருவங்கள் முடிந்தன.

பெரும்பாலோர் வாழ்க்கை வரலாறு இந்த இடத்தில் முடியும். ஸ்டாக் கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரின் பசிபிக் கல்லூரிக்கு 1933இல் போய் மேலும் 14 ஆண்டு பயிற்சி தந்தார். 1938இல் அந்தச் சிறிய கல்லூரியின் அணியோடு சிகாகோவுக்கு வந்து, தம் பெயர் தாங்கிய மைதானத்தில் தம் பழைய பல்கலைக்கழகத்தை 32–0 என்று தோற்கடித்தார். 1943இல், 81ஆம் வயதில், சக பயிற்சியாளர்கள் அவரை அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். 

1938 டிசம்பரில் ஹட்சின்ஸ், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் கல்லூரி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் முதல் யோசனை, நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்ட் ஆக்குங்கள் என்பது. அடுத்தது, பயிற்சியாளர்களுக்குப் பேராசிரியர்களைப் போன்ற பணிப் பாதுகாப்புக் கொடுங்கள். அவர்கள் வேலை கற்பிக்கும் திறனையும் குணத்தையும் பொறுத்திருக்கட்டும், வசூலைப் பொறுத்து வேண்டாம். இதைப் படித்தபோது எனக்கு ஹார்ப்பரின் நினைவு வந்தது. ஸ்டாகை வெளியே அனுப்பியவரே ஸ்டாகுக்கு 1892இல் கிடைத்ததை மருந்தாகச் சொல்கிறார். ஆனால் ஹட்சின்ஸ் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். ஹார்ப்பர் பதவியை மட்டும் கொடுத்து, வசூலையும் அதே கையில் விட்டார். பத்து சென்ட் இல்லாத நிரந்தரப் பதவி, கணக்குக் காட்ட வேண்டியிராத வியாபாரியை உருவாக்கும். வியாபாரி ஸ்டாகைப் போல உத்தமராக இருந்தாலும் வியாபாரம் உத்தமமாகிவிடாது.

தம் யோசனையை ஹட்சின்ஸும் சோதித்துப் பார்க்கவில்லை. 1939 பருவத்தில் சிகாகோ மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடமும் ஓஹையோ ஸ்டேட்டிடமும் தலா 61–0 என்று தோற்றது. டிசம்பரில் பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. துணிச்சலான முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் விளையாட்டைப் பாடமாகக் கற்பிக்க முடியுமா என்ற ஹார்ப்பரின் கேள்விக்கு அது பதில் ஆகாது. காலியான மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதன்முதலாக அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. பின்னர் அரங்கம் இடிக்கப்பட்டு அந்த நிலத்தில் ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. அமெரிக்காவின் பெரிய தமிழ் நூல் சேகரங்களில் ஒன்று இன்று அங்கே இருக்கிறது.

பசிபிக் கல்லூரியை 1946 பருவத்தோடு விட்ட பிறகு, ஸ்டாக் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் தம் மகனோடு சேர்ந்து சில ஆண்டு பயிற்சி தந்தார். பிறகு ஸ்டாக்டனில் ஓர் இளநிலைக் கல்லூரியில் பந்தை உதைக்கக் கற்பிக்கும் பணி. 98ஆம் வயதில்தான் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். 1964இல் ஸ்டெல்லா போனார். 1965 மார்ச் 17 அன்று 102 வயதில் ஸ்டாகும். அவருடைய 314 வெற்றிகளை 1981இல்தான் அலபாமாவின் பால் பிரையன்ட் தாண்டினார்.

ஸ்டாக் எதையும் தூக்கிப் போடாதவர். கடிதங்கள், ஆட்ட வரைபடங்கள், துறைக் கணக்குகள் எல்லாம் பெட்டி பெட்டியாகச் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. 1995இல் ராபின் லெஸ்டர் என்ற வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து, ஸ்டாகின் துறை எப்படி ஆசிரியர் குழுவின் பிடியிலிருந்து நழுவியது, ஆட்டக்காரர்கள் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்று விரிவான நூல் எழுதினார். ஸ்டாகின் மீது இதுவரை வந்த மிக வலுவான விமர்சனம் அதுவே. அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி ஸ்டாகே பத்திரப்படுத்தி வைத்த காகிதங்களிலிருந்து வந்தது.